வேட்டைக்கு எடுத்துப்போகும் முதுகுப்பை சரியான அளவுதானா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

முதுகுப்பை ஒத்துவரவில்லை என்றால் பெரும்பாலானோர் முதலில் கைவைப்பது லிட்டர் எண்ணில்தான். 65 லிட்டர் தோளை வாட்டினால் 50-க்கு இறங்குவார்கள். 50-இல் சாமான் அடங்கவில்லை என்றால் 80-க்கு ஏறுவார்கள். தோள்வலி மட்டும் போகாது. ஏனென்றால் வேட்டைப் பைக்கு அளவு என்பது மூன்று விஷயம்: உங்கள் முதுகின் நீளம், தூக்கப்போகும் எடையைத் தாங்கும் பிரேம் (முதுகுப் பக்கம் இருக்கும் விறைப்பான சட்டம்), அதற்கப்புறம்தான் உள்ளே எவ்வளவு கொள்ளும் என்ற லிட்டர். கோளாறு தேடும்போதும் இதே வரிசையில் போங்கள். முதுகுநீளம் தப்பாக இருக்கும் பையில் லிட்டரை மாற்றிப் பயனில்லை.

இன்னொன்றையும் முதலிலேயே மனதில் வைக்க வேண்டும். மலையேறுபவரின் சுமை, உணவு தீரத் தீரக் குறைந்துகொண்டே போகும். வேட்டைக்காரரின் சுமையோ வேட்டை கிடைத்த நேரத்தில் ஒரேயடியாக 25, 30 கிலோ கூடும். அதுவும் களைத்த உடம்பில், பல நேரம் இருட்டில், பாதையே இல்லாத சரிவில். ஆகவே கடையில் காலிப் பையை மாட்டிக்கொண்டு நாலு அடி நடந்து பார்ப்பது சோதனையே அல்ல.

தொடங்குமுன் எடுக்க வேண்டிய அளவுகள்

தலையை முன்னால் குனியுங்கள். கழுத்தும் முதுகும் சேரும் இடத்தில் ஒரு எலும்பு முண்டு துருத்திக்கொண்டு நிற்கும். அது கழுத்தின் ஏழாவது முள்ளெலும்பு. மேல் புள்ளி அதுதான். அடுத்து இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றி, கட்டைவிரல்கள் முதுகுப் பக்கம் வரும்படி இடுப்பெலும்பின் மேல் விளிம்பை அழுத்திப் பிடியுங்கள். இரண்டு கட்டைவிரல்களையும் சேர்த்து ஒரு கோடு போட்டால் அது முதுகெலும்பைக் கடக்கும் இடம் கீழ்ப் புள்ளி. மேல் புள்ளியிலிருந்து கீழ்ப் புள்ளி வரை, முதுகின் வளைவோடு ஒட்டி, தையல் டேப்பால் இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். அதுதான் முதுகுநீளம். தானே அளந்துகொண்டால் கை வளையும்போது முதுகும் வளைந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் பிசகிவிடும்.

ஏறத்தாழ 38 முதல் 43 செ.மீ. வரை சிறிய அளவு, 43 முதல் 48 வரை நடுத்தரம், அதற்கு மேல் பெரியது. நிறுவனத்துக்கு நிறுவனம் எல்லைகள் கொஞ்சம் மாறும். உடல் உயரத்தை வைத்து இதை ஊகிக்காதீர்கள். ஆறடி ஆளுக்கு நீளமான கால்களும் குட்டையான முதுகும் இருக்கலாம்.

இரண்டாவது அளவு இடுப்புச் சுற்றளவு. கால்சட்டை வாங்கும் எண் இங்கே உதவாது. இடுப்பெலும்பின் மேல் விளிம்பைச் சுற்றி, வேட்டையில் போடும் தடித்த உடைகளோடு அளக்க வேண்டும்.

அறிகுறி: தோள் வெந்துபோகிறது, இடுப்பில் பாரமே தெரியவில்லை

இதுதான் மிகச் சாதாரணமான புகார். சரியாக மாட்டிய பையில் எடையின் பெரும்பகுதி இடுப்பெலும்பில் உட்கார வேண்டும். தோள் வார்களின் வேலை பை பின்னால் சாயாமல் பிடித்துக்கொள்வதுதான்.

முதலில் மாட்டும் வரிசையைச் சரிபாருங்கள். எல்லா வார்களையும் தளர்த்திவிட்டுத் தொடங்க வேண்டும். தோளைக் கொஞ்சம் தூக்கிக் குனிந்து, இடுப்பு பெல்ட்டின் நடுப்பகுதி இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் படியும்படி வைத்து பக்கிளைப் பூட்டி, நன்றாக இறுக்குங்கள். அடுத்து தோள் வார்களை, தோளைத் தொடும் அளவுக்கு மட்டும். பிறகு தோளுக்கு மேலே பிரேமிலிருந்து வரும் லோடு லிஃப்டர் வார்கள். கடைசியில் மார்பு வார், காறையெலும்புக்கு இரண்டு மூன்று விரல் கீழே. தோள் வாரை முதலில் இழுத்து இறுக்குபவர்களுக்கு இடுப்பு பெல்ட் வயிற்றுக்கு ஏறிவிடும். எலும்பில்லாத இடத்தில் உட்கார்ந்த பெல்ட் பாரம் தாங்காது.

வரிசை சரியாக இருந்தும் வலித்தால், பக்கவாட்டிலிருந்து ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் பார்க்க வேண்டியது இரண்டு இடங்கள்.

தோள் வாருக்கும் தோளின் மேல் வளைவுக்கும் நடுவே இடைவெளி தெரிகிறதா? தெரிந்தால் பையின் முதுகுநீளம் உங்களுக்கு அதிகம். தோள் வார் பொருந்தியிருக்கும் இடத்தைக் கீழே இறக்க வேண்டும். மாறாக, வார் தோளைச் சுற்றி முதுகில் நெடுந்தூரம் இறங்கிச் சென்று சேர்கிறதா, அல்லது இடுப்பு பெல்ட்டை இறுக்கியதும் தோள் கீழ்நோக்கி அழுத்தப்படுகிறதா? அப்படியானால் நீளம் போதவில்லை. வாரை மேலே ஏற்றுங்கள். ஒரு தடவைக்கு 2 செ.மீ. மட்டும் மாற்றி, எடையோடு பத்து நிமிடம் நடந்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

அடுத்தது லோடு லிஃப்டரின் கோணம். தோளிலிருந்து பிரேமின் உச்சிக்கு அது மேல்நோக்கிச் சாய்வாக, சுமார் 45 டிகிரியில் போக வேண்டும். 30-இலிருந்து 60 வரை ஏற்கலாம். அந்த வார் தரைக்கு இணையாகவோ கீழ்நோக்கியோ போனால் அதனால் பாரத்தைத் தோளிலிருந்து தூக்க முடியாது. இழுக்க இழுக்கத் தோள் இன்னும் நசுங்கும். தோள் வாரை ஏற்றினால் இந்தக் கோணம் இன்னும் படுத்துவிடும். ஆகவே இங்கே கோளாறு பிரேமின் உயரத்தில் இருக்கிறது, பை மாற்றாமல் தீராது. வேட்டைப் பிரேம்கள் பல சுமார் 60 செ.மீ., சுமார் 66 செ.மீ. என இரண்டு உயரங்களில் வருகின்றன. முதுகு நீளமானவர் உயரமானதைத்தான் எடுக்க வேண்டும். சில பிரேம்களில் உச்சியில் செருகும் நீட்டிப்புக் கம்பிகள் தனியாகக் கிடைக்கும். பை மாற்றுமுன் அது உண்டா என்று கேளுங்கள்.

அறிகுறி: இடுப்பு பெல்ட் வழுக்கி இறங்குகிறது

பெல்ட்டை முழுக்க இறுக்கியபின் இரண்டு பக்க மெத்தைகளுக்கும் நடுவே, வயிற்றின் முன்னால், எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பாருங்கள். நாலு விரலிலிருந்து ஒரு சாண் வரை இருந்தால் நல்லது. மெத்தைகள் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் பெல்ட் பெரியது. இனி எவ்வளவு இழுத்தாலும் இறுகாது. மெத்தை இடுப்பெலும்பின் முன் முனையைக்கூடத் தாண்டவில்லை என்றால் பெல்ட் சிறியது. பல வேட்டைப் பைகளில் பெல்ட்டை மட்டும் தனியே மாற்றலாம். ஒரு வார வேட்டையில் உடல் மெலியும் என்பதால், இரண்டு அளவுக்கு நடுவில் நிற்பவர் சிறியதை எடுப்பது நல்லது.

பெல்ட் அளவு சரியாக இருந்தும் வழுக்கினால் கால்சட்டை பெல்ட்டைப் பாருங்கள். அதன் தடித்த தோலும் கத்தி உறையும் பையின் பெல்ட்டுக்கு அடியில் இருந்தால் பை எலும்பில் படியாது. கத்தியை வேறிடத்துக்கு மாற்றுங்கள். பாரம் ஏறும் நாளில் கால்சட்டைக்குத் தோளில் மாட்டும் சஸ்பெண்டர் போடுபவர்கள் இதற்காகத்தான் போடுகிறார்கள்.

அறிகுறி: 15 கிலோ வரை சொகுசு, 25 தாண்டியதும் எல்லாம் கெட்டுப்போகிறது

இதில் லிட்டருக்குப் பங்கே இல்லை. பிரேம் தொய்கிறது. எடை ஏறும்போது பலவீனமான பிரேம் வளைந்து, அல்லது பை பிரேமின் மேல் சரிந்து, தோள் வார் பொருந்தியிருக்கும் இடம் இடுப்பு பெல்ட்டை நோக்கி இறங்கிவிடும். 48 செ.மீ. வைத்த முதுகுநீளம் நடக்கும்போது 44 ஆகிவிட்டால் மொத்தப் பாரமும் தோளுக்கு வந்துவிடும்.

கண்டுபிடிப்பது எளிது. காலிப் பையை மாட்டி, காதுமடலுக்கு நேரே பிரேமின் உச்சி எங்கே வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 25 கிலோ ஏற்றி அரை மணி நேரம் நடந்தபின் மறுபடியும் பாருங்கள். இரண்டு விரலுக்கு மேல் இறங்கியிருந்தால் அந்தப் பிரேம் இந்த எடைக்கு ஆகாது. பெல்ட்டே சேர்ந்து இறங்கியிருந்தால் அது முந்தைய அறிகுறி.

சோதனைக்கு மணல் மூட்டை வேண்டாம். மணல் அடர்த்தி அதிகம், சின்ன உருண்டையாக ஒரு மூலையில் உட்கார்ந்துவிடும். மடக்கும் பிளாஸ்டிக் தண்ணீர்ப் பைகளை நிரப்பி, இறைச்சி கட்டும் துணிப்பைக்குள் போட்டுக் கட்டுங்கள். எலும்பு நீக்கிய இறைச்சியும் தண்ணீரும் அடர்த்தியில் கிட்டத்தட்ட ஒன்றுதான்: ஒரு லிட்டருக்கு ஒரு கிலோ. கீழே சரிவதிலும் இரண்டும் ஒரே மாதிரி. 25 லிட்டர் தண்ணீரைக் கட்டி ஏற்றம் இறக்கமுள்ள வழியில் ஒரு மணி நேரம் நடந்தால் உண்மை தெரிந்துவிடும். ஏறி முடித்தபின் தண்ணீரைக் கொட்டிவிட்டு இறங்கலாம் என்பது கூடுதல் வசதி. முழங்காலுக்கு நல்லது.

பொதுவாகச் சொன்னால், பிளாஸ்டிக் தகடு மட்டும் உள்ள மெல்லிய பை 12, 15 கிலோ வரை தாங்கும். அலுமினியப் பட்டைகள் வைத்த மலையேற்றப் பை 20, 25 வரை. அதற்கு மேல் தூக்க வேண்டியிருந்தால், இறைச்சி தூக்குவதற்கென்றே செய்த முழு பிரேம் வேண்டும். பையும் பிரேமும் சேர்ந்து இரண்டு முதல் மூன்றரை கிலோ எடை இருக்கும். வெறும் எடையில் ஒரு கிலோ மிச்சம் பிடிக்கிறேன் என்று இந்த இடத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

அறிகுறி: பின்னால் இழுக்கிறது, அல்லது பக்கவாட்டில் ஆடுகிறது

பின்னால் இழுத்தால் எடை முதுகிலிருந்து தூரத்தில் இருக்கிறது. பெரிய பையில் கொஞ்சம் சாமான் போட்டால் அது அடியிலும் வெளிப்பக்கமும் போய் உட்காரும். கனமானவை, அதாவது தண்ணீர், உணவு, ஸ்பாட்டிங் ஸ்கோப் (தூரத்து விலங்கைப் பார்க்கும் தொலைநோக்கி), எல்லாம் பிரேமை ஒட்டி, தோள்பட்டை எலும்புகளுக்கு நடு உயரத்தில் வர வேண்டும். ஸ்லீப்பிங் பேக் அடியில். லேசான உடைகள் வெளிப்பக்கம். பிறகு பையை ஒடுக்கி இறுக்கும் பக்கக் கம்ப்ரஷன் வார்களைக் கீழிருந்து மேலாக இறுக்குங்கள். மேலிருந்து தொடங்கினால் எடை அடிக்கு நழுவும்.

பக்கவாட்டில் ஆடினால் இடது வலது எடை சமமாக இல்லை. டிரைபாட் ஒரு பக்கம் என்றால் தண்ணீர் பாட்டில் மறுபக்கம். துப்பாக்கியைப் பையில் கட்டுபவர்கள் மூன்று நான்கு கிலோவை ஒரே பக்கத்தில் தொங்கவிடுகிறார்கள். நடுவில் நிமிர்த்திக் கட்ட வழியுள்ள பையே நல்லது. எங்கே கட்டினாலும் தோட்டா அறை காலியாக இருக்க வேண்டும், குழல்வாய் உங்கள் தலைக்கோ பின்னால் வருபவருக்கோ நேராக இருக்கக் கூடாது.

அறிகுறி: சாமான் அடங்கவில்லை, பாதி வெளியே தொங்குகிறது

இப்போதுதான் லிட்டர் பேச வேண்டும். முதலில் பையில் எழுதியிருக்கும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். கொள்ளளவு அளக்க 20 மி.மீ. பந்துகளால் பையை நிரப்பும் ஏ.எஸ்.டி.எம். எஃப்2153 என்ற முறை இருக்கிறது. ஆனால் முதன்மை அறையை மட்டும் சொல்வதா, மூடிப்பை, பக்கப்பை, மேலே இழுத்து நீட்டும் கழுத்துத்துணி எல்லாவற்றையும் சேர்ப்பதா என்பதில் நிறுவனங்கள் ஒரே மாதிரி நடப்பதில்லை. 70 லிட்டர் என்று எழுதிய பையில் மூடிப்பைக்கு 7, பக்கப்பைகளுக்கு 8, கழுத்துத்துணிக்கு 10 என்று கழித்தால் அசல் அறை 45 தான். கன அங்குலத்தில் எழுதியிருந்தால் 61-ஆல் வகுங்கள். 5,000 கன அங்குலம் என்பது ஏறக்குறைய 82 லிட்டர்.

உங்கள் தேவையை ஊகிக்காமல் அளந்துவிடலாம். எல்லாச் சாமானையும், ஸ்லீப்பிங் பேக்கை அதன் உறையில் அழுத்திச் சுருக்கிய நிலையில், ஒரு அட்டைப்பெட்டியில் அடுக்குங்கள். நீளம், அகலம், அடுக்கிய உயரம் மூன்றையும் செ.மீ.-இல் அளந்து பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் லிட்டர். 40, 30, 45 என்றால் 54 லிட்டர்.

குளிர் தொடங்கிய பருவத்தில் ஒரு ஆள் 4 இரவு தங்கும் வேட்டைக்குக் கணக்கு ஏறத்தாழ இப்படி வரும்: இறகு அடைத்த ஸ்லீப்பிங் பேக் 9 லிட்டர், காற்றடைக்கும் மெத்தை 3, ஓராள் டென்ட் 6, தடித்த ஜாக்கெட்டும் கால்சட்டையும் 6, மழையுடை 3, மாற்றுடை 3, அடுப்பு, எரிவாயு, பாத்திரம் 3, ஐந்து நாள் உணவு 9, தண்ணீர் 3, ஸ்பாட்டிங் ஸ்கோப் 3, கத்திகள், இறைச்சித் துணிப்பைகள், கையுறை, கயிறு 2, முதலுதவி, தலைவிளக்கு, பேட்டரி, வழிகாட்டும் கருவி 3. கூட்டினால் 53. இடுக்குகளில் வீணாகும் இடத்துக்கு பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் 58. ஆக 60 லிட்டர் முதன்மை அறை போதும்.

இதில் எதை மாற்றினால் எண் பெரிதாக நகரும் என்று பாருங்கள். ஸ்லீப்பிங் பேக் செயற்கை இழையாக இருந்தால் 9 என்பது 13, 14 ஆகும். கரடிகள் உள்ள பகுதியில் உணவைக் கடினமான டப்பாவில்தான் வைக்க வேண்டும் என்று விதி இருந்தால், ஒரு வார உணவுக்கான டப்பா 11, 12 லிட்டர் பிடிக்கும். உணவு தீர்ந்தாலும் டப்பா சுருங்காது. மேலும் அது விறைப்பான உருளை. படுக்க வைத்தால் சில குறுகிய பைகளில் நுழையவே நுழையாது, 60 லிட்டர் இருந்தும். பை வாங்கப் போகும்போது டப்பாவையும் எடுத்துச் செல்லுங்கள்.

தோராயமாகத் தெரிந்தால் போதும் என்பவர்களுக்கு: இரவு தங்காத வேட்டைக்கு 25 முதல் 35 லிட்டர், ஒன்று முதல் மூன்று இரவுக்கு 45 முதல் 60, நான்கு முதல் ஏழு இரவுக்கு 60 முதல் 85. பனிக்காலம் என்றால் அடுத்த படிக்கு ஏறுங்கள்.

வெளியே தொங்கவிட்டுச் சமாளிப்பதை ஏற்க முடியாது. டிரைபாட், தண்ணீர் பாட்டில் வெளியே இருக்கலாம். தூங்கும் மெத்தையை வெளியே கட்டினால் முட்செடி ஒன்று கிழித்தால் போதும், மிச்ச இரவுகள் தரையின் குளிரில்தான். உலோகக் கோப்பையைத் தொங்கவிட்டால் அது இடிக்கும் சத்தம் நீங்கள் போகுமுன் மானுக்குப் போய்ச் சேரும்.

அறிகுறி: வேட்டை கிடைத்தது, இறைச்சியை வைக்க இடமில்லை

மேலே கணக்கிட்ட 60 லிட்டரில் இறைச்சிக்கு ஒரு லிட்டர்கூட இல்லை. எலும்பு நீக்கிய இறைச்சி, விலங்கின் உயிர் எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் இரண்டு பங்கு வரை வரும். 70 கிலோ மான் என்றால் 23 முதல் 28 கிலோ, இடமும் அதே அளவு லிட்டர். இதற்கு இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, பையிலேயே கூடுதலாக 30 லிட்டர் வைத்து 90 லிட்டர் வாங்குவது. அது மற்ற நாளெல்லாம் தொளதொளவென்று இருக்கும். இரத்தம் கசிந்து ஸ்லீப்பிங் பேக்கில் பட்டுவிடாமல் காக்க வேண்டிய தலைவலியும் சேரும். இரண்டாவது, பிரேமுக்கும் பைக்கும் நடுவே இறைச்சி வைக்கும் தட்டு உள்ள பை. பையின் பக்கிள்களைத் தளர்த்தி பிரேமிலிருந்து பிரித்து, நடுவில் இறைச்சியை வைத்து, பையை அதன்மேல் மூடி இழுத்துக் கட்டலாம். எடை முதுகை ஒட்டியும் இருக்கும், சாமானும் சுத்தமாக இருக்கும். இரவு தங்கும் வேட்டைக்கு இரண்டாவதே சரியான தேர்வு. இந்தத் தட்டு இருந்தால் லிட்டரைச் சாமானுக்கு மட்டும் கணக்கிட்டால் போதும்.

தட்டு இருந்தும் இறைச்சி அடியில் போய்த் தேங்கி, இடுப்புக்குக் கீழே மூட்டையாகத் தொங்குகிறதா? எலும்பு நீக்கிய இறைச்சி விறைக்கும்வரை தளர்வாகவே இருக்கும். ஒரே பெரிய துணிப்பையில் போடாமல் 10, 12 கிலோ கொண்ட இரண்டு மூன்று பைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் இடைவெளி இல்லாமல் முடிச்சிடுங்கள். பிரேமைத் தரையில் படுக்க வைத்து, முதல் பையை முதுகின் நடு உயரத்தில் வையுங்கள். கீழ் வாரை அதன் அடியில் சுற்றி முதலில் இறுக்கிவிட்டால் அது தாங்குதட்டாக நிற்கும். பிறகு அடுத்த பை, நடு வார், மேல் வார். தட்டின் அடியில் இடம் மீதி இருந்தால் ஸ்லீப்பிங் பேக்கை அங்கே நீர்புகா உறையோடு வைத்து அதன்மேல் இறைச்சியை உட்கார்த்தலாம்.

எலும்போடு தூக்கினால் சரியாது, ஆனால் எடையும் நீளமும் கூடும். தொடையின் கால் முனை தலைக்கு மேலே நீட்டிக்கொண்டு கிளையில் மாட்டும். எலும்போடு அல்லது ஆணா பெண்ணா என்று காட்டும் உறுப்போடு கொண்டுவர வேண்டும் என்று வேட்டைப் பகுதியின் விதி சொன்னால், அதற்கேற்ற உயரமுள்ள தட்டு இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

இறைச்சியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி இடத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். சூடு உள்ளேயே தங்கிக் கெட்டுவிடும். காற்று போகும் துணிப்பையில், முடிந்தவரை நிழலில் தொங்கவிட்டு ஆறிய பின் ஏற்றுங்கள். தூக்க வேண்டிய தூரம் குறைவாக இருந்தால்கூட இதில் அவசரம் கூடாது.

பெரிய விலங்கு என்றால் பெரிய பை வாங்கித் தீர்த்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். 300 கிலோ விலங்கில் 100 முதல் 120 கிலோ இறைச்சி இருக்கும். ஒரு தடவைக்கு 30 கிலோ என்றால் நான்கு சுமை. நான்கு தடவை சுமந்து வருவது, மூன்று தடவை வெறுங்கையோடு திரும்பிப் போவது, ஆக ஏழு மடங்கு தூரம். வண்டி 4 கிலோமீட்டரில் நின்றால் 28 கிலோமீட்டர் நடக்க வேண்டும். கூடாரச் சாமானுக்கு இன்னொரு நடை. இந்தக் கணக்கைச் சுடுவதற்கு முன்னால் போட வேண்டும். 18 கிலோ சாமானும் 30 கிலோ இறைச்சியும் ஒன்றாகக் கட்டினால் 48 கிலோ. பை தாங்கலாம், சரிவில் முழங்கால் தாங்குமா என்பதுதான் கேள்வி. இரண்டு நடையாகப் பிரியுங்கள்.

கனத்த பையை நின்றபடி தூக்கி மாட்ட முயன்றால் முதுகு பிடித்துக்கொள்ளும். பையைச் சரிவான இடத்தில் நிமிர்த்தி வைத்து, அதன் முன்னால் உட்கார்ந்து வார்களைப் பூட்டி, பக்கவாட்டில் உருண்டு முழங்காலிட்டு, ஊன்றுகோல்களைப் பிடித்து எழுந்திருங்கள். எழுந்ததும் குனிந்து இடுப்பு பெல்ட்டை இன்னொரு தடவை இறுக்குங்கள். 30 கிலோவில் அது உட்கார்ந்த நிலையில் முழுக்க இறுகியிருக்காது.

அறிகுறி: பகல் வேட்டையில் பை பாதி காலி, துணி படபடக்கிறது

கூடாரத்தில் சாமானை விட்டுவிட்டு நாள் முழுக்க அலையும்போது 60 லிட்டர் பையில் 15 லிட்டர்தான் இருக்கும். இதற்காகத் தனிச் சிறு பை சுமந்து போக வேண்டாம். அது கூடுதல் எடை, அதில் இறைச்சியும் தூக்க முடியாது. பை தட்டையாகச் சுருங்குகிறதா என்பதை வாங்கும்போதே பாருங்கள். எல்லாக் கம்ப்ரஷன் வார்களையும் இறுக்கினால் உள்ளங்கை அகல தடிமனுக்கு வர வேண்டும். மூடிப்பையைக் கழற்றிவிடலாம். மிஞ்சும் வார்நுனிகளைச் சுருட்டி ரப்பர் வளையமோ ஒட்டுப்பட்டையோ போட்டுக் கட்டுங்கள். காற்றில் அடித்துக்கொள்ளும் வார்நுனி சத்தம் மட்டும் போடுவதில்லை, அசைவாலும் காட்டிக்கொடுக்கும்.

துணியே கரகரவென்று உரசினால் அது அளவுப் பிழை அல்ல. உட்பக்கம் கெட்டியாகப் பூசிய துணிகள் அப்படித்தான். கடையில் நகத்தால் கீறிப் பாருங்கள். கிளை உரசும்போதும் அதே சத்தம்தான் வரும்.

அறிகுறி: தொடை அல்லது விரல்கள் மரத்துப்போகின்றன

தொடையின் வெளிப்பக்கம் மரத்துப்போனால், இடுப்பெலும்பின் முன் முனைக்குப் பக்கத்தில் ஓடும் நரம்பை பெல்ட் நசுக்குகிறது. பெல்ட்டை ஒரு விரல் மேலே ஏற்றுங்கள். தீராவிட்டால் பெல்ட்டின் வளைவு உங்கள் இடுப்புக்கு ஒத்துவராது, வேறு வடிவம் பார்க்க வேண்டும். விரல்கள் மரத்துப்போனால் தோள் வார் அக்குளுக்குள் வெட்டுகிறது. வார்கள் உங்கள் தோளுக்கு மிக அகன்றோ, முதுகுநீளம் போதாமலோ இருக்கும். மார்பு வாரைக் கொஞ்சம் இழுத்துப் பூட்டி, எடையை இடுப்புக்கு மாற்றுங்கள். கையைத் தூக்கவே பலமில்லை என்றால் பையைக் கழற்றிவிட வேண்டும். அதே பாரத்தோடு தொடர்ந்து நடந்தால் நரம்பு தேற வாரக்கணக்கில் ஆகலாம். மறுநாளும் சரியாகவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அறிகுறி: தலையை நிமிர்த்த முடியவில்லை, துப்பாக்கி தோளில் பதியவில்லை

பையின் உச்சி பிடரியில் இடித்தால் படுத்துக் குறிவைக்கவோ சரிவில் மேலே பைனாகுலர் பார்க்கவோ முடியாது. மூடிப்பையைத் தாழ்த்துங்கள், கழுத்துத்துணியில் சாமான் அடைக்காதீர்கள். உயரத்தில் பிதுங்கும் 60 லிட்டரைவிட, அகலத்தில் கொள்ளும் 70 லிட்டர் இங்கே மேல். அதற்காக அகலமும் முழங்கைக்கு வெளியே போகக் கூடாது, புதருக்குள் நுழைய முடியாது.

துப்பாக்கிக் கட்டை தோள் வாரின் மெத்தையில் பட்டு நழுவினால், மெத்தை தோளின் குழிவுக்கு மேல் வந்துவிட்டது. மார்பு வாரைக் கொஞ்சம் இறுக்கினால் தோள் வார் உள்பக்கம் நகர்ந்து இடம் கிடைக்கும். வில் பயன்படுத்துபவர்கள் நாணை முழுக்க இழுத்துப் பார்க்க வேண்டும். மார்பு வாரின் பக்கிளிலோ பைனாகுலர் உறையிலோ நாண் உரசினால் அம்பு திசைமாறும். இந்தச் சோதனையை அம்பு வைத்து, இலக்கு மைதானத்தில், பை மாட்டிய நிலையிலேயே செய்யுங்கள். அம்பு இல்லாமல் நாணை விட்டால் வில்லே உடையும்.

அறிகுறி: பை மாட்டியதும் ஆரஞ்சுச் சட்டை மறைந்துபோகிறது

60 லிட்டருக்கு மேற்பட்ட பை முதுகு முழுவதையும் மூடிவிடும். மற்ற வேட்டைக்காரர்கள் கண்ணில் படுவதற்காகப் பளிச்சென்ற ஆரஞ்சு உடை கட்டாயமான இடங்களில், பின்னாலிருந்து பார்ப்பவருக்கு உங்கள் சட்டையில் ஒரு சென்டிமீட்டர்கூடத் தெரியாது. மண்ணிறப் பை, அதற்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கொம்பு: தூரத்தில் அது மானாகத்தான் தெரியும். பையின் அளவுக்கேற்ற ஆரஞ்சு மழையுறையை வாங்கி, இறைச்சி ஏற்றிய பின்னும் அது மூடுகிறதா என்று பாருங்கள். இறைச்சித் தட்டு நிரம்பினால் பை 20 செ.மீ. வெளியே தள்ளும், அப்போது சரியான அளவு என்று வாங்கிய உறை பத்தாது. ஒரு அளவு பெரிதாக எடுங்கள். கொம்பைத் தூக்கி வந்தால் அதன்மேல் தனியாக ஆரஞ்சு நாடா சுற்றுங்கள், முனைகள் கீழ்நோக்கி, பையின் அகலத்துக்குள் அடங்கும்படி.